கழுவி வைத்த கோப்பைகள்

எங்கள் குடும்பத்தில் வழக்கு என்று ஒன்றைப் போட்ட முதல் ஆள் என் அக்கா. காணிச் சண்டை இல்லை, கலியாணச் சண்டையும் இல்லை. ஒரு தடவை குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கோப்பைக்காக, அதைச் செய்த கம்பெனிமீது போட்டாள். சமாதானப் பேச்சு முறிந்து சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. ரேடியோவைத் திறந்தாலே செத்தவர்கள் கணக்குத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்கு நியாயம் கேட்டுப் புறப்பட்டவளை என்ன செய்வது? முதலில் நான் திட்டினேன். பிறகு அவளோடு சேர்ந்து சாக்குத் தூக்கினேன்.

சட்டப்படி பார்த்தால் அது வழக்கும் அல்ல. பாவனையாளர் முறைப்பாடுகளைக் கேட்கிற அரசாங்கக் கந்தோரில் நடந்த விசாரணை. ஆனால் எங்களுக்கு ஒரு லோயர் வந்தார், எதிர்த்தரப்புக்கும் ஒரு லோயர் வந்தார், பொய் சொன்னால் குற்றம் என்று எச்சரித்தார்கள். இது போதாதா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் அது கேஸ்தான். நானும் கேஸ் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தில் அக்கா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, கண்ணாடி அலுமாரி, அதற்குள் வடையும் பணிஸும். நிலம் பிரதேச சபைக்குச் சொந்தம். வருஷா வருஷம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கடையை ஒரு முறை கொளுத்தினார்கள். அக்கா அப்போது கலியாணமாகி வந்த புதிது. அவளும் அவள் புருஷனான என் மச்சானும் தேயிலைக்குள் குந்திக்கொண்டு தங்கள் கடை எரிவதைப் பார்த்தார்கள். பிறகு அதே இடத்தில், அதே கரி பிடித்த கல்லின்மேல் மறுபடியும் கட்டினார்கள். மச்சான் செத்துப்போன பின்னால் அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு, துணை, பென்ஷன் எல்லாம். கடையை யாராவது சும்மா முறைத்துப் பார்த்தாலே அவளுக்குக் கோபம் வரும்.

அந்தக் கடைக்குத்தான் கோப்பை ஏஜன்ட் வந்து சேர்ந்தார். கண்டியில் ஸ்டோர் வைத்திருந்தவர். வெள்ளைச் சேட்டு, வாய் நிறையச் சிரிப்பு. மெல்லிய வெள்ளைக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோப்பையிலும் மூன்று பச்சை அம்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கீழே மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது: பாவித்த பின் எம்மிடம் திருப்பித் தாருங்கள், முழுமையாக மீள்சுழற்சி செய்யப்படும். தமிழில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அரசாங்கப் பலகையில்கூடத் தமிழைப் பிழையாக எழுதுகிற இந்த நாட்டில் அது ஒன்றே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"லொறி வந்து பழசை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போகும் அக்கா. உருக்கி மறுபடியும் கோப்பையா செஞ்சிருவாங்க. வீண்போற பேச்சே இல்ல" என்றார் ஏஜன்ட்.

வீண்போகாது என்ற சொல்லில் அக்கா விழுந்துவிட்டாள். வடை சுட்ட எண்ணெயைக்கூட யோசித்து யோசித்துக் கீழே ஊற்றுகிறவள் அவள். கடைக்கும் வாங்கினாள், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவளே பொறுப்பெடுத்து வாங்கிக் கொடுத்தாள். அன்னதானத்தில் சோற்றுக்குப் பிறகு அந்தக் கோப்பையில் ரசம் ஊற்றினார்கள். குடித்தவர்கள் கோப்பையைக் கீழே போடக் கூடாது, சாக்கில்தான் போட வேண்டும் என்று மைக்கில் மூன்று தரம் சொன்னார்கள். நம்ப மாட்டீர்கள், எங்கள் ஆட்கள் அப்படியே செய்தார்கள்.

அடுத்த நாள் நடந்ததுதான் விசேஷம். கோப்பைகள் திரும்பிப் போகப் போகின்றன, யாரோ ஒருவர் கையால் தொட்டு எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் தோட்டத்து லய வீடுகளில் இருந்த பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. நாம் வாய் வைத்த எச்சில் கோப்பையை அப்படியே இன்னொருவர் கையில் கொடுப்பதா? தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் வரிசையாக உட்கார்ந்து, சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்து, ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, தேயிலைக் கொழுந்துச் சாக்குகளில் அடுக்கி, வாயைத் தைத்து, அக்கா கடையின் பின்பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். எறியப் பிறந்த கோப்பைக்கு அப்படி ஒரு குளிப்பாட்டு உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது.

லொறி வரவில்லை.

அக்கா ஏஜன்டுக்குப் போன் அடித்தாள். இந்தக் கிழமை என்றார், அடுத்த கிழமை என்றார், பாதை சரியில்லை என்றார், செக் பொயின்ட் கெடுபிடி என்றார். நாட்டில் சண்டை நடந்தால் ஒரு வசதி, எதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதே பாதையில், அதே செக் பொயின்டைத் தாண்டி, புதுக் கோப்பை ஏற்றிய வேன் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பழைய போத்தல் வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு சாக்கை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல எடையே இல்லையேம்மா" என்று போய்விட்டார்.

மழை தொடங்கியது. மேலே இருந்த சாக்குகள் கிழிந்து, கோப்பைகளில் தண்ணீர் தேங்கியது. சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். நுளம்பு, டெங்கு என்று ஆரம்பித்தார். அடுத்த வாரம் சபையிலிருந்து நோட்டீஸ் வந்தது: குப்பையை அகற்றாவிட்டால் கடைக்கான அனுமதி புதுப்பிக்கப்படாது.

ஊரே ஒரே யோசனைதான் சொன்னது. கொளுத்திவிடு. நானும் அதைத்தான் சொன்னேன். "ஒரு போத்தல் மண்ணெண்ணெய் போதும் அக்கா, ஏன் இழுத்துக்கிட்டுக் கெடக்குற?" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இந்தக் கடைப் பக்கத்துல நான் நெருப்பு வைக்க மாட்டேன். ஒருக்கா வச்சது போதும்."

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அதோடு விடவில்லை. "நீ லோயர் கந்தோர்லதான வேல செய்ற? எழுதிக் குடுத்துட்டுப் பொய்யின்னா அதுக்குச் சட்டம் இல்லையா? கேட்டுட்டு வா" என்றாள்.

நான் அப்போது கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; வெகு காலமாகக் கண்டியிலேயே தொழில். அந்த நாட்களில் எங்கள் கந்தோருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எந்தப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்று அழுதுகொண்டு வருவார்கள். நான் டைப் அடித்ததெல்லாம் அந்தக் கண்ணீர்தான். லோயர் ஐயா சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. அக்காவின் கதையை நான் பயந்து பயந்து சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த கோப்பையை அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மூன்று மொழியிலும் வாசித்தார்.

"இது நல்ல வழக்கு பிள்ளை" என்றார். முகமே மாறிவிட்டது. "கனகாலத்துக்குப் பிறகு ஆரையும் பிணை எடுக்கத் தேவையில்லாத ஒரு வழக்கு. உங்கட அக்காவை வரச் சொல்லுங்கோ. நான் வாறன், காசு கீசு ஒண்டும் வேண்டாம்."

விசாரணை நாளன்று நானும் அக்காவும் ஆளுக்கொரு சாக்கோடு கண்டிக்குப் பஸ் ஏறினோம். ஐயா சான்றுப் பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மழையில் நனைந்த சாக்குகளையா கொண்டுபோவது? அக்கா நல்ல சாக்குகளாகப் பார்த்து எடுத்து, உள்ளே இருந்ததை மறுபடியும் ஒரு தரம் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். கலியாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

பேராதனைக்கு முன்னால் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பை வைத்திருந்தவர்கள் வரிசையில். ஆமிக்காரர் ஒருவர் எங்கள் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தார், பிறகு சாக்கைப் பார்த்தார், பிறகு மறுபடியும் எங்களைப் பார்த்தார். அந்த மூன்று பார்வைக்கும் நடுவில் என் இரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கிவிட்டது.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கோப்பை சேர். பாவிச்ச கோப்பை" என்றேன் நானும் சிங்களத்தில்.

அவர் தையலைப் பிரித்து ஒன்றை எடுத்தார். பளபளவென்றிருந்தது. "பாவித்ததா? அப்படியென்றால் ஏன் கழுவியிருக்கிறது? குப்பையை யாராவது கழுவுவார்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்ட விதத்தில் அதற்கு எந்தப் பதிலும் நல்ல பதிலாகத் தெரியாது. நான் கேஸ், கம்பெனி, லொறி என்று உளறினேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. அப்போது அக்கா தன் கடைச் சிங்களத்தில் ஒரே சொல்லாக "இந்துல், மாத்தயா" என்றாள். எச்சில் என்பதற்கு அவர்கள் சொல் அது. வாய் வைத்ததைக் கழுவாமல் எப்படி ஒருவர் கையில் கொடுப்பது என்று கையால் காட்டினாள்.

ஆமிக்காரர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கள் அம்மாவும் இப்படித்தான்" என்றார். குச்சியால் சாக்குக்குள் ஆழமாக இரண்டு குத்துக் குத்தி, வேறொன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போகச் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அக்கா சாக்கின் வாயைத் தைக்க என்னிடம் ஊசி இருக்கிறதா என்று கேட்டாள்.

விசாரணைக் கந்தோர் வாசலில் ஐயா சாக்கைத் திறந்து பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை! சான்றுப் பொருளை ஆரும் கழுவுவினமோ?"

"எச்சியோட கச்சேரிக்குக் கொண்டாறதுங்களா ஐயா?" என்றாள் அக்கா. அரசாங்கக் கட்டடம் எதுவானாலும் அவளுக்குக் கச்சேரிதான்.

உள்ளே விசாரணை செய்தவர் ஒரு சிங்களப் பெண் அதிகாரி. நடுத்தர வயது, கதிரையில் குஷன், மேசையில் பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டி. அக்கா பேசுவதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அங்கே பேசுவதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எதிரே ஏஜன்ட், அவர் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த கம்பெனி லோயர். டை கட்டிய பொடியன்.

அந்த லோயர் எழுந்து அழகாகத்தான் ஆரம்பித்தார். கம்பெனிக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, கோப்பை முழுவதும் மீள்சுழற்சி செய்யக் கூடியதுதான், ஆனால் என்ன செய்வது, கிராமத்து மக்கள் அழுக்கோடும் எச்சிலோடும் எறிந்துவிடுகிறார்கள், அழுக்குப் பிளாஸ்டிக்கை எந்த மெஷினும் ஏற்காது என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. அக்கா எழுந்து சாக்கைத் தூக்கி, அதிகாரியின் மேசைக்கு முன்னால் கவிழ்த்தாள். கோப்பைகள் உருண்டு ஓடின. ஒன்றில்கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். கம்பெனி லோயர் குனிந்து ஒன்றை எடுத்தார். பொடியன் கெட்டிக்காரன், பாதியிலேயே பாதையை மாற்றிவிட்டான். "மன்னிக்க வேண்டும், இவை பாவித்த கோப்பைகளே அல்ல. ஸ்டோரிலிருந்து புதிதாக வாங்கி வந்திருக்கிறார்கள். இப்படிச் சுத்தமாக எந்த வீட்டில் குப்பை இருக்கும்? இவர்கள் சொல்வது முழுப் பொய்."

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். கடை போய்விட்டது என்றே நினைத்தேன். எரித்தபோது போகாத கடை சவர்க்காரத்தால் போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன், "நீ புதுக் கோப்பையைக் கொண்டாந்து பொய் சொல்றியாம்." அவள் முகம் கறுத்தது. பொய்க்காரி என்று அவளை அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். ஒரு கோப்பையை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. நகத்தால் உள்பக்கம் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தன் மேசைக்குப் போய், சோற்றுப் பெட்டி மூடியைத் திறந்து அதையும் வெளிச்சத்தில் பிடித்தார். மூடியின் உள்பக்கம் மஞ்சள். கோப்பையின் உள்பக்கமும், அடியில், வளையமாக அதே மஞ்சள்.

"கறி வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார்.

"ரசம் நோனா" என்றேன். "கோயில் ரசம்."

"பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள் எதற்கும் போகாது" என்றார் கம்பெனி லோயரைப் பார்த்து. "நான் இந்தப் பெட்டியோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறேன். உங்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள்?" பொடியன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். மெஷின் எங்கே இருக்கிறது என்பது அதிகாரியின் அடுத்த கேள்வி. பொடியன் ஏஜன்டைப் பார்த்தான். ஏஜன்ட், கொழும்பில் என்றார். கொழும்பில் எங்கே? கொழும்புக்கு அந்தப் பக்கம் என்றார். அந்தப் பக்கம் கடல் அல்லவா என்றார் ஐயா. அன்றைக்கு அவர் பேசியதே அவ்வளவுதான், ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். கடைசியில் கம்பெனி லோயர், செய்யக் கூடியது என்றால் செய்வோம் என்று அர்த்தமில்லை என்றார். அதிகாரி கோப்பையில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். திருப்பித் தாருங்கள். செய்யப்படும். அதற்கு மேல் அங்கே வாதம் இல்லை.

கம்பெனிக்காரர்கள் சமாதானமாகப் போகலாம் என்றார்கள். கடைக்கு ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கோப்பை தருகிறோம் என்றார்கள். நான் அதை மொழிபெயர்த்தபோது அக்கா என்னையே அடிக்க வந்தாள்.

முடிவு இதுதான்: அம்புக்குறியும் எழுத்தும் இனிக் கோப்பையில் வரக் கூடாது. கடையில் கிடக்கிற அத்தனையையும் கம்பெனி லொறி அனுப்பி எடுக்க வேண்டும். தவறு கடைக்காரியுடையதல்ல என்று அதிகாரியே பிரதேச சபைக்கு அறிவித்தார். அனுமதி கிடைத்தது. அக்கா கடையில் அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வடை சும்மா.

லொறியும் வந்தது, அதிசயம்தான். நான் லீவு போட்டுக்கொண்டு போயிருந்தேன். லயமே கூடிநின்று பார்க்க, சாக்குகளை ஏற்றினார்கள். அக்கா டிரைவரிடம், "இத எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டாள். ஐயோ, கேட்காமல் விட்டிருக்கலாம்.

அவர் நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியவில்லை. "எடுத்துக்கிட்டு வான்னுதான் சொன்னாங்க அக்கா. எங்கன்னு சொல்லல. வழியில எங்கயாச்சும் ஆத்துப் பக்கமா கொட்டிட்டுப் போயிருவோம்."

அக்கா கடையைப் பூட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். என்னையும் ஏற்றினாள். "ஏஜன்ட் ஸ்டோருக்கு விடுங்க" என்றாள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, அவள் என் அக்கா.

பேராதனைப் பாலம் தெரிந்தபோது அக்கா சொன்னாள். "நம்ம ஆளுகள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புறோம்னு ரயில்ல ஏத்துனாங்களே, அப்பவும் இப்பிடித்தான். எங்க கொண்டுபோயி எறக்குவீங்கன்னு அப்பா கேட்டாரு. ஒருத்தனுக்கும் தெரியல." டிரைவர் கியரை மாற்றினார்.

கண்டியில் ஸ்டோர் வாசலில் லொறியை நிறுத்தி, அக்காவே முதல் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஏஜன்ட் ஓடிவந்தார், வேண்டாம் என்றார், இடம் இல்லை என்றார், மேலிடத்தோடு பேசிக்கொள்ளலாம் என்றார். "நீங்கதான எங்ககிட்டத் தாங்கன்னு எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த சாக்கை எடுத்தாள். புதுக் கோப்பைப் பெட்டிகளுக்கு மேலே, கதிரைக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில், எல்லா இடத்திலும் கழுவிய கோப்பைகள். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஏஜன்ட் பாவம், ஆள் கெட்டவர் அல்ல, அவருக்கும் அந்த அம்புகளை யாரோ விற்றிருந்தார்கள். கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல், வந்தவர்களுக்குச் செய்கிற பழக்கத்தில், பிளாஸ்க்கைத் திறந்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். ஊற்றியது அதே கோப்பையில்.

அக்கா கையை நீட்டவில்லை. "கிளாஸ் இருந்தா குடுங்க. இல்லாட்டி வேணாம்."

அவர் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் இரவல் வாங்கிவந்தார். அக்கா சாக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவசரப்படாமல் ஆறுதலாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு என் கையிலிருந்த கிளாஸையும் வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். இரண்டையும் விரல் விட்டுக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்து, ஏஜன்ட் கையில் கொடுத்தாள்.

"கடக்காரவங்களுக்குக் குடுத்துருங்க" என்றாள்.

பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தோம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் இறங்கி வரும்போது அக்காவின் கடை திறந்திருந்தது.